அண்ணாச்சி வயிற்றின் துடிப்பு

அய்யாத்துரை அண்ணாச்சி அன்றைக்கு என் கடைக்கு வந்தது போன் ரிப்பேருக்காக. உடம்பில் ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போனைக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார். "தங்கச்சி, இதுல படம் குதிக்குது. என்னன்னு பாரு" என்றார்.

கல்மண்டபத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் என்னுடைய செல்போன் கடை. ரீசார்ஜ், செராக்ஸ், சின்னச் சின்ன ரிப்பேர். என் கடையை ஒட்டின கடைதான் அண்ணாச்சியுடையது. நைலான் கயிறு, வலை, மிதவை, ஈயக்குண்டு என்று மீன்பிடிப் போட்டுக்காரர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். தெற்கே சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்கிற வயதில் அப்பாவோடு வந்தவர். வயது இப்போது அறுபத்தேழு. ஒல்லி உடம்பு, சட்டையைக் கழற்றினால் விலா எலும்பு தெரியும். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஒரே மகள் ராமசெல்வி, கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். கடைக்கு மேலே ஒற்றை அறை. அதில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இந்த மனிதர்.

இவ்வளவு சத்தமுள்ள தெருவில் ஒரு ஆள் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று அவரைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது. ஐஸ் வண்டி, மீன் வண்டி, ஷேர் ஆட்டோ எல்லாம் அவர் மூக்குக்கு முன்னாடிதான் போகும். வியாபாரத்துக்கு வேண்டிய பேச்சைத் தவிர வேறு பேச மாட்டார். பண்டிகைக்கு நான் பிரியாணி கொடுத்து அனுப்பினால் பாத்திரத்தைக் கழுவி, அதில் இரண்டு வாழைப்பழம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவர் குரல் மாடியிலிருந்து எங்கள் கடை வரை கேட்கும். மகள் வீடியோ காலில் வருகிற நேரம் அது.

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகத்தைப் படம் எடுத்தேன், தெருவைப் படம் எடுத்தேன். எதுவும் குதிக்கவில்லை.

"நல்லாத்தானே கீது அண்ணாச்சி. இன்னா குதிக்குது?"

"உனக்குக் குதிக்காது. செல்வி கூட பேசும்போதுதான் குதிக்கும். அப்பா, உங்க மூஞ்சி ஆடிக்கிட்டே இருக்கு, பாத்தா தலை சுத்துதுங்கா. சரி பண்ணிக் குடு தங்கச்சி. தலை சுத்துனா பிள்ளை அப்புறம் கூப்பிடவே மாட்டா."

கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் எனக்குப் பாவமாகிவிட்டது. அதை மறைக்க அதட்டினேன். "எப்டி வெச்சிகினு பேசுவீங்கோ? செஞ்சி காட்டுங்கோ."

கஸ்டமர் உட்காருகிற பெஞ்சில் படுத்தார். தலைக்குக் கீழே என் செராக்ஸ் பேப்பர் கட்டு. போனின் கவரில் பின்னால் நிறுத்தி வைக்கிற வளையம் ஒன்று உண்டு, நான்தான் போட்டுக் கொடுத்தேன். அதை விரித்து, தொப்புளுக்குச் சற்று மேலே போனை நிறுத்தினார். கையை எடுத்துவிட்டு, "பாரு" என்றார்.

போன் குதித்தது. விட்டு விட்டு, ஒரே சீராக, தூக்கித் தூக்கிப் போட்டது. மூச்சுக்கு ஏறி இறங்குவது வேறு, அது எனக்குத் தெரியும். இது உள்ளே இருந்து யாரோ தட்டுவது போல இருந்தது. எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. பயம் மட்டும் வந்தது.

"அண்ணாச்சி, இது போன் இல்ல. உங்க வயிறு."

"வாயுவா இருக்கும்" என்றார் படுத்தபடியே.

எங்கள் தெரு ஆம்பிளைகளுக்கு எல்லாமே வாயுதான். நெஞ்சு வலித்தால் வாயு, முதுகு பிடித்தால் வாயு, தலை சுற்றினால் வாயு. அதற்கெல்லாம் ஒரே மருந்து, ஒரு சோடாவில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்பைப் போட்டுக் குடித்து, ஏப்பம் விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பது. நான் விடவில்லை. அங்கேயே அவர் போனிலிருந்து ராமசெல்வியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னோடு ஆட்டோவில் ஏறினார்.

ஆஸ்பத்திரிக் கதைக்கு முன்னால் எதிர்க்கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இவர் கதை நிற்காது.

அண்ணாச்சி கடைக்கு நேர் எதிரே இன்னொரு கயிற்றுக் கடை. அதே நைலான் கயிறு, அதே வலை, அதே மிதவை. அது அவருடைய கூடப்பிறந்த தம்பி உச்சிமாகாளியின் கடை. நாங்கள் இவரைப் பெரிய அண்ணாச்சி என்போம், அவரைச் சின்ன அண்ணாச்சி என்போம். இருவரும் பேசிப் பத்தொன்பது வருஷம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் விழித்தாக வேண்டும். இருந்தும் பேச்சு கிடையாது. அவர் கடையில் என்ன விலை என்று இவர் கேட்க வேண்டுமென்றால் கஸ்டமரிடம் கேட்பார். பெரிய அண்ணாச்சியின் மனைவி இறந்த அன்று சின்ன அண்ணாச்சி கடையைப் பூட்டினார். தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு எடுக்கிற வரை நின்றார். வாசலுக்கு வரவில்லை.

எல்லாம் ஒரு வார்த்தையால் வந்தது. அப்போது ஒரே கடை, அப்பாவும் இரண்டு பிள்ளைகளும். ஒருநாள் பெரியவர் சரக்கு எடுக்கப் பாரிமுனைக்குப் போயிருந்தார். கடையில் அப்பாவுக்குத் திடீரென்று வயிறும் முதுகும் சேர்ந்து வலி. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. தம்பி ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, மடியில் சாய்த்துக் குடிக்க வைத்திருக்கிறார். பாதி சோடா போவதற்குள் அப்பா போய்விட்டார். பெரியவர் வந்து இறங்கியபோது தம்பி கையில் அந்தப் பாட்டில் இருந்தது. தெருவே கூடி நிற்க, "ஆஸ்பத்திரிக்குத் தூக்காம சோடாவைக் குடுத்துக் கொன்னுட்டியேலே" என்றார். காரியம் முடிந்த மறுநாள் தம்பி வெளியேறினார். போனவர் திருவொற்றியூருக்கோ எண்ணூருக்கோ போயிருக்கலாம். நேர் எதிரே கடையைப் பிடித்தார். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். எனக்கென்னவோ, தூரப் போக மனசில்லாமல்தான் அங்கே பிடித்தார் என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததும் எங்களை ஒரு டாக்டரிடம் அனுப்பினார்கள். மகிமா என்று பெயர், சின்ன வயது. அண்ணாச்சியைப் படுக்க வைத்து, வயிற்றில் கையை மெதுவாக வைத்துப் பார்த்தார்.

"ஐயா, இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் வயித்து வழியாத்தான் கால்களுக்குப் போகுது. சாதாரணமா ரெண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். உங்களுக்கு ஒரு இடத்துல மெலிஞ்சு, உப்பி, அஞ்சு புள்ளி எட்டு ஆயிருக்கு. சைக்கிள் ட்யூப் ஒரு இடத்துல புடைச்சுக்கும்ல, அந்த மாதிரி. அயோர்ட்டிக் அனியூரிசம்னு சொல்வோம்."

"எனக்கு வலியே இல்லியே டாக்டரம்மா."

"பெரும்பாலும் வலிக்காது. அதுதான் இதுல ஆபத்து. திடீர்னு வலிச்சா, வெடிக்கப் போகுதுன்னு அர்த்தம், இல்லேன்னா வெடிச்சாச்சுன்னு அர்த்தம். வெடிச்சா பொழைக்கிறவங்க ரொம்பக் கம்மி. பீடி, சிகரெட் உண்டா?"

"பீடி. விட்டு ரொம்ப வருஷமாச்சு."

"விட்டது நல்லது. ஆனா எப்பவோ பிடிச்சதும் கணக்குல வரும். அறுபத்தஞ்சு தாண்டின ஆம்பளைங்க, அதுலயும் பீடி சிகரெட் பிடிச்சவங்க, ஒரே ஒரு தடவை வயித்து ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டா போதும், தெரிஞ்சிடும். சின்னதா இருந்தா அப்பப்போ அளந்து பாத்துக்கிட்டே இருப்போம். உங்களது அந்த அளவைத் தாண்டிடுச்சு, சரி பண்ணியாகணும். தொடை வழியா உள்ளே போய் ஒரு குழாயைப் பொருத்திடலாம்." சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "அப்பா எப்படி இறந்தார்?"

அண்ணாச்சி சொன்னார். வயிறும் முதுகும் சேர்ந்த வலி, வேர்வை, மடியில் சாய்ந்தது. சோடாவையும் சொன்னார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இப்போ உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா அவருக்கும் இதுவேதான் வெடிச்சிருக்கணும். இது குடும்பத்துல வரும்."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருந்தா?"

"எப்பவுமே தூக்கிட்டு வரணும்தான், சிலர் பொழைப்பாங்க. ஆனா நீங்க சொல்ற வேகத்துல போனவரை யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாது. சோடாவால ஒண்ணும் ஆகல. உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது இருக்காங்களா? அவங்களும் சீக்கிரம் ஸ்கேன் எடுத்தாகணும்."

அண்ணாச்சி எழுந்து சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். "ஒரு தம்பி கீறாரு" என்றேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார்கள். வலி வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆம்புலன்ஸில் வரவேண்டும், பாரம் தூக்கக் கூடாது, வயிற்றைப் பிடித்து அமுக்கவோ நீவவோ விடக் கூடாது என்றும் சொன்னார்கள். திரும்பும்போது ஆட்டோ ராயபுரம் பாலத்தில் ஏறியது. அப்போது அண்ணாச்சி, "நீ போய் எதிர்க்கடையில சொல்லிரு தங்கச்சி. ஸ்கேன் எடுக்கணுமாம்னு மட்டும் சொல்லு. அப்பா விஷயம் வேண்டாம்" என்றார்.

போனேன். சின்ன அண்ணாச்சி மிதவைகளைக் கோத்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் போலவே ஒல்லி, அண்ணனைப் போலவே நெற்றியில் விபூதி. காதில் செருகிய பீடி மட்டும் கூடுதல். விஷயத்தைச் சொன்னேன். அண்ணனுக்கு வந்திருப்பதைக் கேட்டதும் கை நின்றது. ஒரு நிமிஷம் தெருவைத் தாண்டிப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொலைகாரனுக்கு எதுக்கும்மா ஸ்கேன்? அவரையே நல்லா இருக்கச் சொல்லு."

இதைக் கொண்டுவந்து பெரியவரிடம் சொன்னபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சொல்ல வேண்டியதில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை மட்டும் என் கையில் கொடுத்து அனுப்பினால் யார் கேட்பார்கள்?

"அந்தாளு இத்தினி வருஷமா தன் கையாலதான் அப்பா செத்தாருன்னு நெனச்சிகினு கீறாரு அண்ணாச்சி. அவரு கடைல சோடா பாத்துக்கீறீங்களா? கஸ்டமர் சோடா கேட்டாகூட, எம் கணக்குல வாங்காதேன்றாரு. அப்பா விஷயத்த எப்போ சொல்லப் போறீங்கோ? அவரும் போனப்புறமா?"

"எனக்கு வாய் வரமாட்டேங்குது" என்றார். "ஊரைக் கூட்டி வச்சுச் சொன்னேன். அதை இப்ப எப்படி எடுக்க?"

"ஊரைக் கூட்டிச் சொன்னதை அங்கேயே போய் எடுங்கோ. இருபது அடி தெரு. வேற யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது."

அதன் பிறகு பெரியவர் தினமும் ஸ்டூலில் உட்கார்ந்து எதிரே பார்ப்பார். தம்பி பீடி பற்றவைத்தால் இவர் எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். தம்பி கயிற்றுக் கட்டைத் தோளில் தூக்கினால் இவர் கை தானாகத் தன் வயிற்றைத் தொடும். அந்த ஒரு வாரமும் தன் வயிற்றைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. பயமெல்லாம் எதிர் வயிற்றைப் பற்றித்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயம் வேறு. கடலுக்குப் போகப் போட்டுகள் தயாராகின்றன, இரண்டு கடையிலும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இந்த மனிதர் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தைய நாள் காலை. தம்பி கடையில் காசிமேட்டு ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். தம்பி இரண்டு கைகளையும் விரித்து, ஒரு விரிப்பு ஒரு பாகம் என்ற கணக்கில் கயிற்றை அளந்துகொண்டிருந்தார். பெரியவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். ஒரு டெம்போ போகட்டும் என்று நின்றார், ஒரு மீன் வண்டி போகட்டும் என்று நின்றார், பிறகு எதுவும் வராமலே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தெருவைத் தாண்டினார். நான் செராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"ஏலே மாகாளி."

தம்பி நிமிரவில்லை. "பதினொண்ணு... பன்னெண்டு..."

"அப்பா சோடாவால சாகல. வயித்துல ரத்தக்குழா வெடிச்சிருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. நீ என்ன செஞ்சிருந்தாலும் போயிருப்பாராம். நான் இருந்திருந்தாலும் போயிருப்பாராம். நான் சொன்னது தப்புலே. அதே எனக்கும் இருக்கு. உனக்கும் இருக்கலாம். ஒரு தடவை பாத்துரு."

அளந்துகொண்டிருந்த கை பாதியில் நின்றது. தம்பி அளந்த கயிற்றையெல்லாம் கீழே போட்டார். நுனியைத் தேடி எடுத்து மறுபடியும் "ஒண்ணு" என்று ஆரம்பித்தார். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்று வேறு எதுவும் நடக்கவில்லை. சின்ன அண்ணாச்சியை அடித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

வைத்தியம் நல்லபடியாக முடிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய அண்ணாச்சி இப்போதும் என் பக்கத்துக் கடையில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவர் படம் குதிப்பதில்லை. ரீசார்ஜ் செய்ய வருகிற நரைத்த தலைகள் ஒன்றையும் நான் சும்மா அனுப்புவதில்லை. பீடி உண்டா, அப்பா எப்படிப் போனார், வயித்து ஸ்கேன் எடுத்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் காசு வாங்குகிறேன். ஸ்கேன் அக்கா என்று கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும். நான் சொல்ல வந்தது வைத்தியத்துக்கு முந்தைய நாள் சாயங்காலத்தை.

வார்டில் கட்டில் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் ஆள் சூழ்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் கஞ்சி ஊட்டினார்கள், ஒருவருக்குக் கால் பிடித்தார்கள். ராமசெல்விக்கு விமானம் மறுநாள்தான். நர்ஸ் வந்து, "பேஷண்டுக்கு அட்டெண்டர் யாரு?" என்று கேட்டார்.

"யாருமில்ல" என்றார் அண்ணாச்சி.

துணிப்பையும் பிளாஸ்கும் கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேதான் நிற்கிறேன். மனுஷன் கண்ணுக்கு நான் தெரியவில்லை போலிருக்கிறது. கோபம் வந்தது. ஆனால் அவர் பார்வை வார்டு வாசலில் இருந்ததைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது.

"இது ஆம்பளை வார்டு, ராத்திரி லேடீஸ் தங்க முடியாது. சொந்தக்காரங்க ஒருத்தர் வேணும். போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனார். அண்ணாச்சி போனை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். கூப்பிட ஒரு நம்பரும் இல்லாமல் தலையணைக்குக் கீழே வைத்தார்.

அப்போதுதான் வார்டு வாசலில் சின்ன அண்ணாச்சி நின்றார். ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். காதில் பீடி இல்லை. கையில் ஒரு பெரிய கவர். சட்டை முன்பக்கம் நனைந்து வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. ஸ்கேனுக்குத் தடவுகிற ஜெல்லைச் சரியாகத் துடைக்காமல் கீழே இருந்து அப்படியே ஏறி வந்திருக்கிறார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷம் தெருவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பார்த்ததுதான். இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை.

"நாலு புள்ளி ரெண்டு" என்றார் தம்பி. "இப்ப ஒண்ணும் வேண்டாமாம். பீடியை விட்டுட்டு, அப்பப்போ வந்து அளந்துக்கணுமாம்."

பெரியவர் தலையை ஆட்டினார்.

"உனக்கு எவ்வளவு?"

"அஞ்சு புள்ளி எட்டு."

தம்பி அந்தக் கவரை மடித்துக் கக்கத்தில் வைத்தார். "இதுலயும் நீதான் மூத்தவன்" என்றார்.

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. வயிறு குலுங்கக் கூடாதே என்று நான் பதறினேன். எனக்கு முன்னால் தம்பி குனிந்து, அண்ணன் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர். பக்கத்துக் கட்டில்காரர்கள் கஞ்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு நர்ஸ் திரும்பி வந்தார். "நீங்க யாருங்க இவருக்கு?"

சின்ன அண்ணாச்சி வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவர் சொல்லிவிட்டார். "என் தம்பி. உச்சிமாகாளி. இவன்தான் ராத்திரி இருப்பான்."

நர்ஸ் பெயரை எழுதிக்கொண்டு, ஒரு மருந்துச் சீட்டைக் கிழித்துத் தம்பி கையில் கொடுத்தார். கீழே போய் வாங்கி வரச் சொன்னார். சட்டை இன்னும் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்க, அவர் மாடிப்படி இறங்கிப் போனார்.